இரண்டு விலா எலும்பும் ஒரு வர்ணமும்

ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் பாடுவதற்காக டொராண்டோ போனவள் நான். சைக்கிளிலிருந்து விழுந்து விலா எலும்பை உடைத்துக்கொள்வதற்காகப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பியதிலிருந்து நங்கநல்லூரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் சைக்கிளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அரங்கேற்றம் எப்படி நடந்தது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! நாற்பத்தொரு வயதுப் பெண்மணி காட்டுக்குள் சைக்கிள் விட்டாள் என்பதில் அவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். என் கணவர் பாலாஜி இறந்து அப்போது பதினோரு மாதம். காலையில் காபி குடித்துவிட்டுச் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான். அதன் பிறகு கல்யாணக் கச்சேரி, வளைகாப்பு, அரங்கேற்றம் என்று எதற்கும் என்னை அழைப்பது நின்றுபோனது. வாய் திறந்து யாரும் காரணம் சொல்லவில்லை. “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா” என்றார்கள். நான் கேட்டேனா ரெஸ்ட்?

இந்த வாய்ப்பை வாங்கிக் கொடுத்த தோழி, கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அங்கே போய் எதையும் உளறி வைக்காதே சுதா. நல்ல காரியம் பண்றாங்க. தெரிஞ்சா வேற ஆள் பாத்துடுவாங்க.” நானும் கழற்றி வைத்திருந்த மெட்டியை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கேவலமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மேடையும் கைவிட்டுப் போனால் பாடுவதையே விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் இறங்கினேன். செப்டம்பர் கடைசி. வெயில் இருந்தது, ஆனால் சுடவில்லை. இப்படியும் ஒரு வெயிலா என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். போன் அடித்தது. “ஆறுதலா வெளியில வாங்கோ அக்கா, நாங்கள் வாசல்லதான் நிக்கிறம்” என்றது ஓர் இளைஞனின் குரல். எவ்வளவு பண்பாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் பெயர் ரமணன். அரங்கேற்றம் செய்யப் போகிற ஆரணியின் பெரியம்மா மகன். கம்ப்யூட்டர் வேலை. பக்கத்தில் நின்றவர் ஆரணியின் அம்மா கௌரி அக்கா, ஐம்பது வயது இருக்கும், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஆரணிக்குப் பத்தொன்பது. வந்து கட்டிப் பிடித்துக்கொண்டு, “ஹாய் சுதா அன்ரி!” என்றாள். ரமணனுக்கு அக்கா, இவளுக்கு ஆன்ட்டி. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீடு ஸ்காபரோவில். போகிற வழியெல்லாம் கடைகளின் பெயர்ப் பலகைகளில் தமிழ் வந்துகொண்டே இருந்தது. நகைக்கடை, காய்கறிக்கு மரக்கறிக் கடை, வக்கீல், பல் வைத்தியர். இருபது மணி நேரம் பறந்து வந்து கண்ணைத் திறந்தால் ஒரு பலகையில் ‘புடவை மாளிகை’ என்று இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் எனக்கு நான் எங்கேயும் போகவே இல்லையோ என்று தோன்றியது.

வீட்டில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்த மஞ்சள் நிறக் குழம்பு. நம் ஊரில் காரம் இல்லாத எதையும் நான் குழம்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். கௌரி அக்கா எதிரில் உட்கார்ந்து, “ஆறுதலா சாப்பிடுங்கோ” என்றார். பிய்த்த இடியப்பத்தை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஆறுதலா! ஆறுதலாகச் சாப்பிடு என்று என்னிடம் ஒருத்தி சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று. துக்க வீட்டுக்கு வந்து போனவர்கள் ஆறுதல் சொன்னார்கள், பதிமூன்றாம் நாளோடு அதுவும் முடிந்துபோனது. இவருக்கு விஷயம் தெரியுமோ? தோழிதான் போட்டு உடைத்துவிட்டாளோ? நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சாந்தமாகச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஈழத்துத் தமிழ் தெரியும் என்று ஒரு திமிர் உண்டு. ஆமாம் என்பதற்கு ஓம், பேசுவது கதைப்பது, அழகு வடிவு, இன்னும் பத்து வார்த்தை. இலங்கைக்காரர்களோடு மேடை ஏறிப் பழக்கம். தெரியாத வார்த்தையைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்? ஆறுதல் நம் வார்த்தை. அதை யாரிடம் போய்க் கேட்பது?

திங்கட்கிழமை ஒத்திகை பேஸ்மென்ட்டில். படி செங்குத்தாக இருந்தது. “ஆறுதலா இறங்குங்கோ” என்றார் கௌரி அக்கா. கீழே தாளத்தோடு உட்கார்ந்திருந்த நடன ஆசிரியை, ‘ரீச்சர்’ என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்கிறார்கள், கறாரான மனுஷி. எடுத்த எடுப்பில் வர்ணத்தைத் தொடங்கச் சொன்னார். காம்போதி ராகத்தில், வராத நாயகனுக்காகக் காத்திருக்கிற நாயகியின் நீண்ட வர்ணம், நாற்பது நிமிஷம். முதல் வரியே நல்ல மூச்சு கேட்கும். நான் கொஞ்சம் ஓட்டிவிட்டேன் போலிருக்கிறது, அவரும் கையைத் தாழ்த்தி, “ஆறுதலா, ஆறுதலா பாடுங்கோ” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கறார் மனுஷிக்குமா தெரியும்? எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் யாரும் கேட்கவில்லை, தெரிந்தேதான் பாடச் சொல்கிறார்கள். அந்த வரியை அன்றைக்கு நான் பாடின மாதிரி பாடி வருஷமாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை இஞ்சி வாங்கத் தனியாகப் பஸ்ஸில் கிளம்பினேன். ஐந்தாவது நிறுத்தம் என்று கௌரி அக்கா எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே ஜன்னல் ஓரமாக ஒரு மஞ்சள் கயிறு ஓடுகிறது, அதை இழுத்தால்தான் பஸ் நிற்கும். எனக்கு யார் சொன்னது? நிற்கும் என்று நானும் உட்கார்ந்திருந்தேன். வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. உயரமான அடுக்குமாடிகள், மேப்பிள் மரங்கள், மறுபடி அடுக்குமாடிகள். அங்கே பகல், என் உடம்புக்கு நடு ராத்திரி. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பாலாஜி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். விழித்தபோது கடைசி நிறுத்தம்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில், “அம்மா, இதற்கு மேல் ரோடு இருக்கிறது, பஸ்தான் இல்லை” என்றார். நான் அவசர அவசரமாக எழுந்தேன். எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தலையில் கம்பளித் தொப்பி, கையில் முருங்கைக்காய்க் கட்டு, திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்ததும் தமிழ் என்று தெரிந்துகொண்டுவிட்டார். “ஆறுதலா இறங்கு பிள்ளை” என்றார்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். முன்பின் தெரியாத மனுஷன்! அப்படியானால் என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. “ரொம்ப நன்றி அய்யா” என்று தழுதழுத்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முருங்கைக்காயோடு போய்விட்டார்.

புதன்கிழமை ஒத்திகை இல்லை. ரமணனுக்கும் லீவு. வாரம் தவறாமல் காட்டுச் சைக்கிள் ஓட்டப் போகிறவன் அவன். நகரத்துக்கு வெளியே ஒரு மணி நேரத் தூரத்தில், காட்டுக்குள் இதற்கென்றே தடம் வெட்டி, சைக்கிளும் வாடகைக்குக் கொடுக்கிற இடம் இருக்கிறதாம். ஆரணி தானும் வருவேன் என்று குதித்தாள்.

“விசரே உனக்கு? காலை முறிச்சுப்போட்டு சனிக்கிழமை மேடையில என்னத்தைச் செய்யப் போறாய்?” என்றார் கௌரி அக்கா.

“அம்மா, இட்ஸ் லிட்டரலி ஈஸி ட்ரெயில்!”

“ஈஸியோ கீஸியோ. கால் கவனம். நீ ஒரு இடமும் போகேலாது.”

நான் வந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லோர் கண்ணும் அவள் காலிலேயே இருந்தது. படியிறங்கினால் கவனம், குளித்தால் கவனம். பாட்டுக்காரிக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. “நான் வரட்டுமா? காலேஜுக்கு மூணு வருஷம் சைக்கிள்லதான் போனேன்” என்றேன். கௌரி அக்கா சிரித்து, “ஓம், போயிட்டு வாங்கோ. காத்துப் பட்டா நல்லது” என்றார்.

தடித்த டயர் போட்ட சைக்கிள், ஹெல்மெட், கையுறை. என் காலேஜ் சைக்கிளில் பெல் இருக்கும், இதில் அதுவும் இல்லை. பச்சை வட்டம் போட்ட தடம் சுலபம், நீலச் சதுரம் அதைவிடக் கஷ்டம், கறுப்பு என்றால் கிட்டப் போகவே கூடாது என்று ரமணன் விளக்கினான். பச்சையில் இரண்டு சுற்று ஓட்டினோம். மரங்கள் மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றன. இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. ஒரே மரத்தில் பச்சை, மஞ்சள், குங்குமச் சிவப்பு. சக்கரத்தின் கீழே சருகு நொறுங்குகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எழுபது வயது இருக்கும், “அருமையான நாள், இல்லையா?” என்று கேட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு போய்விட்டார். நிஜமாகவே வந்தாரா என்று நான் திரும்பிப் பார்த்தேன், பாதையில் யாரும் இல்லை. அவராலேயே ஓட்ட முடிகிறது, எனக்கென்ன என்று நீலத்துக்குப் போகலாம் என்றேன்.

“நீங்கள் முன்னுக்குப் போங்கோ அக்கா, நான் பாத்துக்கொண்டு பின்னால வாறன்” என்றான்.

தடம் வளைந்து வளைந்து கீழே இறங்கத் தொடங்கியது. சைக்கிள் தானாகவே போனது. காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதில் இரைந்தது. பதினோரு மாதமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி நடந்து போன மாதிரி இருந்தது. பின்னாலிருந்து ரமணன் கூப்பிட்டான்: “ஆறுதலா அக்கா!”

ஐயோ, இந்தப் பையனுக்கும் தெரியும்! கம்ப்யூட்டரும் சைக்கிளுமாகத் திரிகிற இவன், நடுக்காட்டில், எனக்கு ஆறுதல் சொல்கிறான். எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்க ஒரு கையை எடுத்தேன். சைக்கிள் இன்னும் வேகம் பிடித்தது.

“ஆறுதலா! அக்கா, ஆறுதலா!!” என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான்.

இவ்வளவு சத்தமாக எனக்கு யாருமே ஆறுதல் சொன்னதில்லை. “தேங்க்ஸ்டா ரமணா!” என்று திருப்பிக் கத்தினேன். பிரேக்கிலிருந்து விரலை எடுத்தேன். முன்னால் ஒரு வேர் பாதைக்குக் குறுக்கே கிடந்தது. அதைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். பிறகு வானத்தைப் பார்த்தேன். பிறகு கைப்பிடியின் முனை இடது பக்க விலாவில் இறங்கியது.

சருகின் மேல் மல்லாந்து கிடந்தேன். வலி உடனே வரவில்லை. ஓர் இலை மெதுவாக, அவ்வளவு மெதுவாக, சுற்றிச் சுற்றி இறங்கி என் கழுத்தில் உட்கார்ந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. ரமணன் பத்து நொடி என்கிறான். மூச்சு இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ‘ஸா’ என்று சொல்லிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. அப்போதுதான் பயம் வந்தது. கடவுளே, சனிக்கிழமை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எங்களுக்கு முன்னால் ஒரு கூட்டமே காத்திருந்தது. பக்கத்து நாற்காலியில் கையில் துண்டு சுற்றிக்கொண்டு ஒரு கறுப்பினப் பெரியவர். என்ன ஆயிற்று என்று கேட்டார். சைக்கிள் என்றேன். “எனக்கு அவகாடோப் பழம், கொட்டையை எடுக்கப் போய்க் கத்தி கையில் இறங்கிவிட்டது” என்றார் வருத்தத்தோடு. “நீங்களாவது சொல்லிக்கொள்ளலாம், நான் இதை எப்படி வெளியே சொல்வது?” சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் விலா என்றால் என்னவென்று முழுசாகப் புரிந்தது.

கௌரி அக்கா வேலையிலிருந்து யூனிஃபார்மோடு ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. “மன்னிச்சுக்குங்க அக்கா. எல்லாம் தெரிஞ்சும் என்னை வீட்டுக்குள்ள வச்சீங்க. முதல் நாள்லேர்ந்து ஆறுதல் சொன்னீங்க, டீச்சர் சொன்னாங்க, பஸ்ல ஒரு அய்யாகூட சொன்னார். அந்த தைரியத்துலதான் நான்…”

“என்னத்தைத் தெரிஞ்சு?” என்றார் கௌரி அக்கா.

“என் வீட்டுக்காரர் செத்துப்போனதை.”

அவர் ரமணனைப் பார்த்தார். ரமணன் என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனது.

“அக்கா, ஆறுதலா எண்டா ஸ்லோ! ஸ்லோவாப் போங்கோ எண்டு கத்தினனான். நீங்கள் தேங்க்ஸ் எண்டு சொல்லிப்போட்டு இன்னும் கெதியா, ஃபாஸ்ட்டாப் போறீங்கள்!”

மெதுவாக. அவ்வளவுதான். மெதுவாக வெளியே வா, மெதுவாகச் சாப்பிடு, படியில் மெதுவாக இறங்கு. அவகாடோப் பெரியவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனாலும் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. சொன்னது நான்தான்.

எக்ஸ்ரேயில் இரண்டு விலா எலும்பில் விரிசல். டாக்டர் சின்னப் பெண். கட்டுப் போட மாட்டோம், தானாகக் கூடும், ஆறு வாரம் ஆகும், மணிக்கொரு தரம் ஆழமாக மூச்சு இழுத்து விட வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்றாள். பாடலாமா என்று கேட்டேன். “பாடலாம்” என்றாள். “ஆனால் பாடினதற்காக வருத்தப்படுவீர்கள்.”

வியாழக்கிழமை மாத்திரையின் மயக்கத்தில் கழிந்தது. சுவரில் இருந்த வெயில் நகர்ந்து நகர்ந்து அலமாரிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் நங்கநல்லூரில் இருந்தேன், கொஞ்ச நேரம் ஸ்காபரோவில். வேறு பாடகியைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். குனிய முடியவில்லை, காலை மடித்து மெட்டியைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தபோது கௌரி அக்கா தேநீரோடு வந்தார்.

“உதேன் கழட்டுறீங்கள்? வடிவாக் கிடக்கு.”

“இனிமே எதுக்கு? அதான் தெரிஞ்சுடுச்சே.”

“எங்கட பக்கம் கனபேர் உது போடுறேல்லை. நான் பாஷனுக்குப் போட்டிருக்கிறீங்கள் எண்டெல்லோ நினைச்சன்.” கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

தோழி சொன்னதைச் சொன்னேன். நல்ல காரியம், வேறு ஆள் பார்த்துவிடுவார்கள் என்பதை. அவர் கோபப்பட்டார். இவ்வளவு கோபப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

“எங்களைப் பற்றி அப்பிடியே நினைச்சனீங்கள்? எங்கட சனம் விளக்குக் கொளுத்தச் சுமங்கலி தேடிக்கொண்டு நிண்டா, பாதி வீடு இருட்டிலதான் கிடக்கும் சுதா. அப்பா செத்துப்போகேக்க என்ர அம்மாவுக்கு முப்பத்தொரு வயது. அவதான் எங்கள் நாலு பேரின்ர கலியாணத்தையும் முன்னுக்கு நிண்டு செய்தவ. ஆரும் ஒரு கதை கதைக்கேல்லை. கதைக்க விட்டிருக்கவும் மாட்டா.” தேநீரை என் கையில் வைத்தார். “எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. சனிக்கிழமை பாட ஏலுமோ, ஏலாதோ?”

“தெரியலை அக்கா.”

“அப்ப நாளைக்குப் பாத்திட்டுச் சொல்லுங்கோ” என்று எழுந்து போனார். போனவர் திரும்பி வந்து ஒரு தலையணையை என் மார்பில் வைத்து, “இருமல் வந்தா இதை இறுக்கிக் கட்டிப்பிடியுங்கோ, நோகாது. நான் இதுதான் நாள் முழுக்கச் செய்யிறனான்” என்றார். அன்றைக்கு நான் அழுதது வலியால் என்று அவர் நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு மிருதங்கக்காரரும் வந்திருந்தார். வர்ணத்தின் முதல் வரியை எடுத்தேன். பாதியில் மூச்சு அறுந்தது. ஆரணி ஒரு கையை வாசல் பக்கம் நீட்டியபடி நின்றாள். மறுபடி எடுத்தேன், மறுபடி அதே இடம். ரீச்சர் தாளத்தை நிறுத்தினார். “பதிவு செய்த பாட்டைப் போடுவம். வேற வழியில்லை. தாளம் ஒருத்தருக்காகவும் காத்துக்கொண்டு நிக்காது” என்றார். சரியாகத்தான் சொன்னார். நானே தலையாட்டிவிட்டேன்.

“நோ வே” என்றாள் ஆரணி. வியர்வையோடு வந்து என் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “அன்ரி, நீங்கள் எங்க எங்க மூச்சு எடுக்கிறீங்கள் எண்டு காட்டுங்கோ. அந்த இடத்தில நான் நிப்பன். மிருதங்கம் போகட்டும். நாயகி அவருக்காகத்தானே வெயிட் பண்ணுறா? வெயிட் பண்ணுறவள் ஒரே மூச்சில எல்லாத்தையும் சொல்லுவாளே?”

ரீச்சர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புத்தகத்தைக் கொண்டு வா” என்றார். மாலைவரை உட்கார்ந்து வரி வரியாக உடைத்தோம். என் மூச்சு நிற்கிற இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. நாற்பது நிமிஷ வர்ணத்தில் அறுபத்து மூன்று புள்ளிகள். சில இடங்களில் நான் நிறுத்த, மிருதங்கம் மட்டும் நடக்க, அவள் அசையாமல் நின்று கதவைப் பார்த்தாள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, இந்த வர்ணம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டுமோ என்று. ரீச்சரிடம் அதைச் சொல்லவில்லை, அடித்திருப்பார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மல்லிகைக்குப் பதில் ஏதோ வெள்ளைப் பூ, ஆனால் சலசலப்பு அப்படியே நம் ஊர்ச் சலசலப்பு. நாலு மணி அழைப்பு, அஞ்சு மணிக்கு ஆரம்பம், அதிலும் மாற்றமில்லை. என் பட்டுப் புடவையின் ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை வைத்துக் கௌரி அக்கா தலையணைக்கு உறை தைத்திருந்தார். அரக்குச் சிவப்பில் ஜரிகை போட்ட தலையணை. மேடையில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பாடகி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதைச் சரிப்படுத்துகிற மும்முரத்தில், என்னை ஏற்றக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று இத்தனை நாள் நான் பயந்த அந்தக் குத்துவிளக்கை யார் ஏற்றினார்கள் என்று பார்க்கவே இல்லை. திரும்பியபோது அது எரிந்துகொண்டிருந்தது.

வர்ணம் தொடங்கியது. முதல் புள்ளி, நின்றேன், அவள் நின்றாள். இரண்டாவது புள்ளி. வலி ஒரு பக்கம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவள் மட்டும்தான் தெரிந்தாள், கூட்டமெல்லாம் இருட்டில் கரைந்துபோயிருந்தது. சரணத்தில் மேல் ஸ்வரம் எடுக்கிற இடத்தில், புள்ளியே இல்லாத இடத்தில், மூச்சு நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது. அவளுக்கு என் பக்கம் முதுகு. பார்த்திருக்க வழியே இல்லை. ஆனால் தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். மிருதங்கம் ஒரு தாளச் சுற்று தனியாகப் போனது. நான் தலையணையை இறுக்கினேன். அடுத்த சுற்றின் முதல் தட்டில் மூச்சு வந்தது, குரலும் வந்தது, அவள் கையும் இறங்கியது. அந்த இடத்தைப் பாடும்போது பாலாஜியை நினைத்தேன். வேறு யாரை நினைப்பது?

முடிந்ததும் சாப்பாட்டு வரிசை. ஆரணியை ஒரு கூட்டம் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் விலாவைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றேன். முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர், வெளிர் நீலச் சேலை, திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பாடினது நீங்கள்தானே பிள்ளை? நல்லாயிருந்தது. உங்கட அவர் வரேல்லையே?”

ஊரில் இருக்கிறார் என்று சொல்ல வாய் பழகியிருந்தது. கடைக்காரர், டாக்ஸிக்காரர், விமானத்தில் பக்கத்து சீட்டுப் பெண் என்று எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

“அவர் இறந்துட்டார் அம்மா. பதினோரு மாசம் ஆச்சு.”

அவர் முகம் மாறவில்லை. இரக்கப்பட்டு உச்சுக் கொட்டவில்லை. என் கையிலிருந்த வெறும் தட்டைப் பார்த்தார், மேசையை எட்டிப் பார்த்தார்.

“என்ர மனுசன் மோசம்போய் முப்பத்தாறு வரியம்” என்றார். செத்துப்போய் என்கிறார் என்று இந்தத் தடவை எனக்குச் சரியாகவே புரிந்தது. “கெதியா வாங்கோ, வடை முடியப் போகுது.”

நோகாத பக்கமாக என் முழங்கையைப் பிடித்து வரிசையைத் தாண்டி முன்னால் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வடைதான் மிச்சமிருந்தன. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.